வலப்பக்கத்து மீன்

பிப்ரவரி 18, புதன்

தூத்துக்குடி வந்து சேர்ந்தாயிற்று. நியாயமாக இன்று காலை நான் கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். போன வாரம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கடைக்காரர் என் வலது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி குரலை இறக்கி, “இதுக்குக் கண்ணாடி பத்தாதுங்க சார். பெரிய டாக்டரப் பாத்துருங்க, தள்ளிப் போடாதீங்க” என்றார். என் மனைவி சௌந்தரம் அன்றைக்கே டாக்டரிடம் தேதி வாங்கினாள். நான் அன்றைக்கே ரயில் டிக்கெட் வாங்கினேன்.

பொய்யில்லை, வேலை இருக்கிறது. சிவகாசி காலண்டர் முதலாளி தங்கமாரியப்பனுக்கு அடுத்த வருடக் காலண்டர் முழுவதும் தூத்துக்குடிக் கடற்கரையாக வேண்டுமாம். கண்ணில் கோளாறு உள்ள போட்டோக்காரனும் நாக்கில் ருசி தெரியாத சமையல்காரனும் ஒன்று. விஷயம் அவர் காதுக்குப் போனால் ஜனவரி மாதத்துக்கே வேறு ஆள் வந்துவிடுவான்.

எத்தனையோ கடலோர ஊர்களைப் படம் எடுத்திருக்கிறேன். அவையெல்லாம் கடலை வரவேற்பறையில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த ஊர் கடலைக் கொல்லைப்புறத்தில் வைத்து வேலை வாங்குகிறது. உப்பு எடு, மீன் எடு, தோணியைத் தூக்கிக்கொண்டு போ. அதனால்தான் எனக்கு இந்த ஊர்மேல் பிரியம். ஜெசிந்தா மெஸ் இருப்பது இன்னொரு காரணம். அதுதான் முதல் காரணம் என்று சௌந்தரம் சொல்வாள்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் பெரிய சரக்குத் தோணிகள் தெரிகிற மெஸ். உள்ளே நுழையும்போது வலது தோளைக் கதவுநிலையில் இடித்துக்கொண்டேன். போன வருடம் இந்த வாசல் இதைவிட அகலம்.

ஜெசிந்தா நெற்றியில் கருப்பாகச் சிலுவை.

“என்னங்க ஜெசிந்தாம்மா, அடுப்புக் கரியா?”

“ஏண்ணே, வந்ததும் வராததுமா வம்பா? இன்னைக்குச் சாம்பல் புதன்லா. தபசு காலம் ஆரம்பிச்சாச்சு. இனி ஈஸ்டர் வரைக்கும் நம்ம மெஸ்ல கறி கிடையாது, பாத்துக்கோங்க.”

கறி கிடையாது என்றால் மீனும்தான் கிடையாது. நெஞ்சில் யாரோ சீலா மீன் முள்ளால் குத்தினது போல் இருந்தது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் மதத்தை மதிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, குறிப்பாக வேறு வழி இல்லாதபோது.

வழக்கமான மூலை மேசை. இடப்பக்கம் ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல். கூட்டமெல்லாம் சாப்பிட்டுப் போய்விட்ட நேரம். இலையையும் ஜன்னலையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். பிறகு தோணிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். புளிக்குழம்பு அப்படியே மீன் குழம்பு மாதிரி இருந்தது. கைப்பக்குவம் என்றால் இது! பொரித்த மீன் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. பக்கத்து வீட்டில் தபசு இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் மாதா கோயில், அப்புறம் மீன் ஏலம் நடக்கும் இடம். கூடைக்காரப் பெண்கள் இருவர் என்னைக் குறுக்கே நிற்காதே என்று திட்டினார்கள். மூன்றாவதாக ஒருத்தி என் வலது பக்கமாக வந்து மோதி, “கண்ணு என்ன பெடரிலயா இருக்கு?” என்றாள். எங்கிருந்து முளைத்தாளோ!

மாலையில் கடற்கரைப் பூங்கா. விளக்குகள் எரிந்ததும் ஒவ்வொன்றையும் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம். படத்தில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் போடுவார்களே, அது. ஊரே மோட்சத்துக்குப் போன மாதிரி இருந்தது. ஆசை ஆசையாக எடுத்தேன். திரையில் பார்த்தால் விளக்கு இருக்கிறது, வளையத்தைக் காணவில்லை. உப்புக் காற்றில் கேமரா கெட்டுவிட்டது போல. லென்ஸைத் துடைத்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு மறுபடி லென்ஸை.

மதியம் இன்றும் சைவம். இன்றும் பக்கத்து வீட்டு வாசனை. என்ன குடும்பமோ, தினமும் சீலாவா பொரிப்பார்கள்?

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று வரை எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுத் தங்கமாரியப்பன் போன் பண்ணினார்.

“தண்டபாணி சார், படம் பிரமாதம். ஆனா ஓரத்தப் பாத்தீங்களா?”

“ஏன், ஓரத்துல என்ன?”

“தோணி படத்துல ஓரமா ஒருத்தன் சுவத்தப் பாக்க நின்னு ஒன்னுக்கு இருக்கான். ஏலப் படத்துல ஓரத்துல ஒரு நாய், கொட்டாவி விடுது. கோயில் படத்துல பாதி ஆளு. இத ஜனங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும் சார்.”

“இயல்பா இருக்கட்டும்னு விட்டதுங்க அது” என்றேன். வாய் மட்டும் எனக்கு நாலு பக்கமும் பார்க்கும்.

சாயங்காலம் டீக்கடையில் கஸ்பாரைப் பார்த்தேன். என் வயதுக்காரர். வள்ளம் வைத்திருக்கிறார். படம் எடுக்க என்னைக் கடலுக்குள் கூட்டிப் போகிறவர் அவர்தான். நான் பேச்சோடு பேச்சாக, “ஜெசிந்தாம்மாவுக்கு என்ன வைராக்கியம் பாருங்க, ஈஸ்டர் வரைக்கும் மீனையே நிறுத்திட்டாங்க” என்றேன்.

கஸ்பார் டீயைக் கீழே வைத்தார். “மீனையுமா? வே, தபசுக்கு ஆட்டுக்கறி, கோழியத்தான் விடுவோம். கடக்கரைக்காரன் மீனையும் விட்டா மண்ணையா திம்பான்? இது ஏதோ நேர்ச்சையாக்கும். மவனுக்குக் கப்பல்ல வேல கெடைக்கணும்னு மாதாகிட்ட நேந்திருப்பா.”

இருக்கும் இருக்கும் என்றேன். டீக்கடைக்காரரும் இருக்கும் என்றார். பெஞ்சில் இருந்த துறைமுகத் தொழிலாளிகளும் அப்படியே. ஒரு நல்ல செய்தி பிறப்பதைக் கூட இருந்து பார்ப்பது தனி சுகம்.

பிப்ரவரி 21, சனி

உப்பளம். கண் கூசுகிறது. வெயிலைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோயிலில் கூட்டம். படியிறங்கும்போது கடைசிப் படியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். விழவில்லை, விழுந்த மாதிரி உட்கார்ந்தேன்.

மெஸ்ஸில் ஜெசிந்தாவின் முகம் சரியில்லை. ரசத்தை ஊற்றவில்லை, வீசினாள். “நல்லா இருக்குங்க” என்றேன். “எது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மகனுக்கு வேலை கிடைக்காத கவலையாக இருக்கும். இன்று மெஸ்ஸில் ஆளே இல்லை. எதிர்ச் சந்தில் புதிதாகத் திறந்திருக்கும் மெஸ் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் என்மீது எனக்கே இரக்கம் வந்துவிடும். ஆகவே எழுதுகிறேன்.

சாப்பிட்டு இலையை மடித்தேன். ஜெசிந்தா வந்து எதிரே நின்றாள். இடுப்பில் கை.

“அண்ணே, ஒரு விசயம் கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. நான் மீனை நிறுத்திட்டேன்னு டீக்கடையில சொன்னது நீங்கதானே?”

“ஆமாங்க, பெருமையாத்தான்…”

“பெருமையா! மூணு நாளா ஒரு ஆளு உள்ள வரல. ‘ஜெசிந்தா நேர்ச்சை போட்டிருக்கா, அங்க வெறும் புளித்தண்ணிதான்’னு ஊரே சொல்லுது. வாங்கின மீனு ஐஸ்ல கெடந்து நாறுது. எம் மவன் மெட்ராஸ்ல இருந்து போன் போட்டு, ‘எம்மா, எனக்காகவா மீன விட்ட?’ன்னு அழுதான். அவன் கப்பலுக்கே போவலண்ணே, பேங்குல இருக்கான்!”

மடித்த இலையை இன்னொரு முறை மடித்தேன்.

“என் மீனு பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. வந்த நாள்ல இருந்து தினம் உங்க வலப்பக்கத்துல தட்டு வைக்கேன். ரெண்டு துண்டு சீலா, உங்களுக்குன்னு நடுத்துண்டமா எடுத்து வச்சது. தொட்டுக்கூடப் பாக்க மாட்டுக்கிய. வச்சது வச்சபடி திரும்பி வருது. நான் என்ன வெசத்தையா வச்சேன்?”

“தட்டே வைக்கலீங்களே…”

“வைக்கலையா? அந்தா இருக்கே, அது என்னது?”

திரும்பிப் பார்த்தேன். தட்டு இருந்தது. அதில் இரண்டு துண்டு இருந்தது. என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பக்கத்து வீட்டு வாசனையோடு.

அவள் இப்போதுதான் கொண்டு வந்து வைத்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லாட்ஜுக்கு வந்து சேர்ந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெஸ்ஸுக்குப் போகவில்லை. மக்ரூன் வாங்கி மூன்று வேளையும் அதையே தின்றேன். இனிப்பை இனிப்பாலேயே கழுவினேன்.

சௌந்தரம் போன் பண்ணினாள். “ஏனுங்க, கண்ணு எப்படி இருக்குதுங்க?”

“அது பாட்டுக்கு இருக்குது.”

“டாக்டர் வூட்டுல இருந்து ரெண்டுக்கா கூப்புட்டாங்க. ஊர் சுத்தற கழுதைக்குத் தேதி ஒரு கேடான்னு என்னையத்தான் பேசுவாங்க. நீங்க பயப்படறீங்களாக்கும்?”

“நானா? எனக்கென்ன பயம்?”

“சரிங்க” என்று போனை வைத்துவிட்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் திட்டாமல் போனை வைத்தால், அது திட்டுவதைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

பிப்ரவரி 25, புதன்

கடலிலிருந்து ஊரைப் படம் எடுக்க கஸ்பாரின் வள்ளத்தில் போனேன். ஊரில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே நண்பர் அவர்தான். செய்தியைப் பரப்பியதில் அவருக்கும் பங்கு இருப்பதால் அவரும் ஜெசிந்தாவின் தெருப்பக்கம் போவதில்லை.

கரையை விட்டு நல்ல தூரம் வந்ததும், “இந்தா, பார் வந்துட்டு” என்றார்.

“எங்கீங்க பாக்கணும்?”

“பாக்கச் சொல்லலவே. பார்னா தண்ணிக்கு அடியில கெடக்க பாறை. மீன் குடியிருக்க எடம்.”

“தண்ணிக்கு அடியில இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியுது?”

“கரையப் பாத்துத்தான். கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னால தண்ணி டேங்கு. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா, டேங்கு போயி கோபுரத்துக்குப் பின்னால ஒளியணும். ஒளிஞ்சா நாம பார் மேல நிக்கோம். பாத்துச் சொல்லும்.”

இடது கண்ணை மூடினேன். அது என் தொழில் பழக்கம். கோபுரம் தெரிந்தது. ஒரு நீளக் குழாயின் அந்தப் பக்கத்தில் யாரோ பொம்மைக் கோபுரம் வைத்த மாதிரி, சின்னதாக, அழகாக.

“ஒளிஞ்சிருச்சுங்க!”

“பின்ன என்ன, வேற என்ன தெரியுது?”

“ஒண்ணுமில்லீங்க. கடல். வானம். அமைதி.” எனக்கே அந்த வரி பிடித்திருந்தது. காலண்டரில் போடலாம் என்று நினைத்தேன்.

கஸ்பார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “வே, வெளையாடாதீரும்” என்றார். குரல் மாறியிருந்தது. “உம்ம வலப்பக்கம் தோணி போவுதே, ஒரு வீட்டத் தூக்கி மெதக்க விட்ட கணக்கா. அது தெரியலையா?”

இடது கண்ணைத் திறந்தேன். தோணி வந்தது. பாய், பாய்மரம், மேலே மூட்டைகள், மூட்டை மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையாட்டுகிற ஒரு மனிதன், எல்லாம். மூடினேன். போய்விட்டது. திறந்தேன், வந்தது. இப்படியே அந்தத் தோணியைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்து மிதக்க விட்டுக்கொண்டிருந்தேன். கையாட்டிய மனிதன் களைத்துப்போய்க் கையை இறக்கிவிட்டான்.

கஸ்பார் இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் வள்ளத்தின் அடியில் அடிக்கும் சத்தம் மட்டும்.

“எம்புட்டு நாளாவே இப்படி?”

“தெரியலீங்க.”

இது உண்மை. இன்னொரு உண்மையும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் ரயிலேறினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தானே கேட்டார். “அந்த மீன் தட்டு… அத எந்தப் பக்கம் வைக்கேன்னு சொன்னா?”

“வலப்பக்கம்.”

“அட பாவி மனுசா” என்றார் கஸ்பார், மிகவும் அன்பாக.

கரைக்கு வரும் வரை நான் படமே எடுக்கவில்லை. ஊர் தன் பாட்டுக்கு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் லாட்ஜில் உட்கார்ந்து இந்த முறை எடுத்த எல்லாப் படங்களையும் மடிக்கணினியில் ஓரம் ஓரமாகப் பார்த்தேன். நடுவை விட்டுவிட்டேன். நடு எனக்குத் தெரிந்ததுதானே.

ஓரத்தில் ஒரு முழு ஊரே இருந்தது. ஏலப் படத்தில் என்மேல் மோதிய கூடைக்காரி, மோதுவதற்கு முன்பு, வழிவிடச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். கொட்டாவி நாய். கோயில் படத்தில் பாதி ஆளாக நிற்கிறவர், பக்கத்தில் யாருடைய கையையோ பிடித்திருக்கிறார். அந்தக் கை மட்டும் தெரிகிறது. பூங்காப் படத்தில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்துச் சிரிக்கிறாள். இவர்கள் யாரையும் நான் எடுக்கவில்லை. அவர்களாக வந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் எனக்குப் பிடித்த ஊர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் பாதியை இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு முதல் நாள் படம் வந்தது. இடப்பக்கம் ஜன்னல், கடல். நடுவில் என் இலை. வலது ஓரத்தில் ஒரு தட்டு, இரண்டு துண்டு சீலா. தட்டுக்குப் பின்னால் பாதி முகமாக ஜெசிந்தா, நெற்றியில் பாதிச் சிலுவை. நான் முதல் வாயை எடுத்து வைப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். வாசலில் தோளை இடித்துக்கொண்டேன். அவள் முன்னால் படத்தைத் திறந்து வைத்து, “இதை நான் எடுத்தேன். ஆனா இதுல உங்களையும் பாக்கலீங்க, மீனையும் பாக்கலீங்க. இந்தப் பக்கம் எனக்குத் தெரியறதில்லீங்க” என்றேன்.

ஜெசிந்தா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் வலப்பக்கமாக நகர்ந்து போய் நின்றாள். நான் பார்வையைத் திருப்பாமல் நின்றேன். அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“எய்யா… இது தெரியாம என்ன ஏச்சு ஏசிட்டேன். கண்ணு தெரியாத மனுசனப் போயி…”

“கண்ணெல்லாம் தெரியும் ஜெசிந்தாம்மா. ஒரு பக்கம் மட்டும் லீவு.”

அவ்வளவுதான். அழுகை நின்றது, அதிகாரம் ஆரம்பித்தது. கஸ்பாருக்குப் போன் போட்டாள். “யோவ், நாளைக்குக் காலையில இவரத் திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறீரு. வதந்தி கெளப்பினதுக்கு அதான் தண்டனை.” அப்புறம் என் போனைப் பிடுங்கி சௌந்தரத்தைக் கூப்பிட்டாள். இருவரும் இதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. என்னைப் பற்றி நான் இருக்கும்போதே அரை மணி நேரம் பேசினார்கள். ஒருத்தி கோயம்புத்தூர்த் தமிழ், ஒருத்தி கடற்கரைத் தமிழ். ஆனால் திட்டு ஒரே மொழியில்தான் இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

கண்ணில் மருந்து விட்டிருப்பதால் கிறுக்கலாக எழுதுகிறேன்.

டாக்டர் அம்மாள் சின்ன வயது. சுற்றி வளைக்கவில்லை. “கண்ணுக்குள்ள பிரஷர் சார். இது ஓரத்துல இருந்துதான் பார்வையத் தின்னும். வலி இருக்காது, அதனால யாருக்கும் தெரியாது. போன பார்வை திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். இடது கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சொட்டு மருந்த ஒரு நாள் கூட விடக் கூடாது.”

கேட்க வேண்டியதைக் கேட்டேன். “படம் எடுக்கலாங்களா?”

“எடுங்க. இடது கண்ணால எடுங்க. ஓரத்த மட்டும் ரெண்டு தடவ பாருங்க.”

வெளியே பெஞ்சில் கஸ்பார் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன். “அப்ப பிரச்சினை இல்லவே. ஒத்தக் கண்ணாலதான நாங்க பாரையே கண்டுபிடிக்கோம்” என்றார். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு வலப்பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார், யாரும் வந்து இடித்துவிடாதபடிக்கு.

பிப்ரவரி 28, சனி

சிவகாசிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். தங்கமாரியப்பன் “இருங்க” என்று போனை வைத்துவிட்டு யாரிடமோ பேசிவிட்டு வந்தார். போய்விட்டது வேலை என்று நினைத்தேன்.

“சார், எங்க ஆபீசுல படத்த வெட்ட ஒரு ஆளு இருக்காரு. ஓரத்த அவர் பாத்துக்கிடுவாரு, நீங்க நடுவப் பாருங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஒன்னுக்கு இருக்கறவன மட்டும் தூக்கிருவோம். நாய் நல்லாத்தான் இருக்கு. ஆகஸ்டுக்கு இருக்கட்டும்.”

சாயங்காலம் இடது கண்ணை வைத்துப் படம் எடுத்துப் பழகினேன். மூக்கு இடிக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் முதலாகக் கேமரா வாங்கினவன் மாதிரி இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

சௌந்தரம் காலை ரயிலில் வந்தாள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் என் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். அப்புறம் திட்டினாள்.

நேற்று ஒரு படம் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கியிருந்தேன். என் இடது கண்ணின் முதல் படம்: தோசைக்கல்லில் பொரிகிற சீலா, எண்ணெய் தெறிக்கிற அளவுக்குக் கிட்டத்தில். கீழே கொட்டை எழுத்தில் ‘தபசு காலத்திலும் மீன் உண்டு. நேர்ச்சை ஏதும் இல்லை.’ அதை மெஸ் வாசலில் கஸ்பார் ஆணியடித்து மாட்டினார். டீக்கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளிகளும் முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. கஸ்பாரிடம் சொன்ன செய்தியாயிற்றே.

மூலை மேசை. ஜெசிந்தா எனக்கு இலை போட்டாள். என் வலப்பக்கத்து நாற்காலியை இழுத்து சௌந்தரத்தை உட்கார வைத்தாள்.

“இந்தப் பக்கத்த நீங்க பாத்துக்கோங்க மதினி.”

மீன் தட்டை எனக்கு இடப்பக்கம், ஜன்னல் ஓரமாக வைத்தாள். கடலுக்கும் எனக்கும் நடுவில், தப்பவே முடியாத இடத்தில். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முதல் வாயை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அடுப்படிக்குப் போனாள்.

தோணி ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது துறைமுகச் சுவரைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினால் ஒரு துண்டைக் காணவில்லை. வலப்பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்தேன். சௌந்தரம் மென்றுகொண்டிருந்தாள்.

இதற்கு மட்டும் கண்ணின் மேல் பழி போட முடியாது.